சின்னக் காந்தம் போதும், அண்ணே

"கல்யாணத்துக்குக் கூப்பிட்டுட்டு, கெட்டுப்போன இயர்போன் கேக்கறீங்களே, இன்னா சம்பந்தி இது?"

திண்டிவனத்து மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அம்மா இப்படிக் கேட்டார். "ஒரு காது கேக்கற இயர்போனா இருந்தாலும் பரவாயில்லீங்க, குடுங்க" என்றார் பெண்ணின் அம்மா, பேராசிரியர் ரோசலின். போன வாரம் அவர் இறந்துவிட்டார் என்று மகள் போனில் சொன்னபோது, அழுகைக்கு முன்னால் எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வந்தது.

நானும் ரோசலினும் ஒன்றாக வேதியியல் படித்தவர்கள். நான் விழுப்புரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டேன். அவர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பழைய மின்பொருள்களில் உள்ள காந்தத்திலிருந்து நியோடிமியம் என்ற உலோகத்தைப் பிரித்தெடுப்பது அவர் ஆய்வு. மின்சார ஸ்கூட்டர் மோட்டாருக்கு அது சாம்பாருக்குப் புளி மாதிரி. கொஞ்சம்தான் வேண்டும், ஆனால் வேண்டும். "மேசை டிராயர்ல சுரங்கத்த வெச்சுக்கினு வெளிநாட்டுலேர்ந்து வர்ற கப்பலப் பாத்துக்கினு இருக்கோம்" என்பார்.

ஆய்வைப் பார்வையிட ஒரு குழு வரவிருந்தது. செய்முறையைப் பெரிய அளவில் செய்து காட்டாவிட்டால் ஆய்வை மூடிவிடுவார்கள். கையில் இருந்த காந்தம் போதவில்லை. அந்தச் சமயத்தில் மகள் கல்யாணம். பத்திரிகையின் அடியில் அச்சடித்துவிட்டார்: 'அன்பளிப்பு வேண்டாம். பழுதான இயர்போன், ஹார்ட் டிஸ்க் கொண்டு வரவும்.'

கல்யாணத்தில் சின்னப் பொருளை நீட்ட நம் ஆட்களுக்குக் கை வருமா? பெருமுக்கல் உறவினர் ஒருவர் பழைய மிக்சியைத் தங்கத்தாளில் சுற்றி வந்தார். கூட்டேரிப்பட்டு மைக் செட் ஏழுமலை, திருவிழா ஸ்பீக்கரின் தட்டு அகலக் காந்தத்துக்கு மாலையே போட்டுத் தூக்கி வந்தார்.

"அண்ணே, இது கருப்புக் காந்தம். நான் தேடறது இதுல இல்ல. சின்னக் காந்தம் போதும்."

"இன்னா மேடம், இம்மாம் பெருசு தூக்கிக்கினு வந்தா இல்லன்றீங்க? சபையில பேஜாரா பூடுச்சே!"

அவர் முகம் வாடுவதைப் பார்த்த ரோசலின், காந்தத்தை நடுவில் வைத்து அவரோடு போட்டோ எடுத்துக்கொண்டார். அப்படி இதில் என்னதான் இருக்கிறது என்று குனிந்தார் சம்பந்தியம்மா. அவர் ஹேர்பின் டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து சிரிக்காத சம்பந்தியம்மா குலுங்கிச் சிரித்தார். பிறகு சொந்தக்காரர்களை வளைத்து, பாடிக்கொண்டிருந்த இயர்போன்களைக்கூடக் காதிலிருந்து பிடுங்கிக் கொடுத்தார். குழு வந்தபோது செய்து காட்டக் காந்தம் போதுமானதாக இருந்தது. ஆய்வு பிழைத்தது.

அடக்கத்தன்று ஏழுமலை வந்திருந்தார். மாலை வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து அறுந்த இயர்போன் ஒன்றை எடுத்துப் பெட்டியருகே வைத்தார்.

"மேடம், இந்த வாட்டி சின்னதா கொண்ணாந்தேன்."

அழுதுகொண்டிருந்த மகள் சிரித்துவிட்டாள்.

கல்யாணம் முடிந்ததும் ரோசலின் என்னிடம் கொடுத்துவிட்ட அந்தக் கருப்புக் காந்தம் இப்போது என் வீட்டுக் கதவுக்கு முட்டு. ரோசலினுடையது என்று என்னிடம் இருப்பது அதுதான். காலில் இடிக்கும்போதெல்லாம் அவர் குரல் கேட்கிறது.

இன்று உங்கள் டிராயரைத் திறந்து பாருங்கள். கெட்டுப்போன இயர்போன் இருந்தால், குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.