பேங்கு வண்டி கேட்ட வாரிசு

எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்த வங்கிக் கிளையைப் போன மாதம் மூடிவிட்டார்கள். கண்ணாடிக் கதவில் உள்பக்கமாக ஒரு தாளை ஒட்டி, இனி எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே செய்துகொள்ளலாம், முடியாதவர்கள் அருகில் உள்ள மளிகைக்கடை முகவரிடம் போகலாம் என்று மூன்று மொழிகளில் அறிவித்திருந்தார்கள். அந்த மூன்றில் தமிழ் இல்லை. கதவின் இடுக்கு வழியாக உள்ளே பார்த்தேன். பதினெட்டு நாற்காலிகளும் அப்படியே இருந்தன. பணத்தை எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு நாற்காலிகள் தேவைப்படவில்லை போலும்.

அவற்றில் ஏழாவது நாற்காலி என்னுடையது. வாரத்துக்கு ஒருமுறை எனக்கு அங்கே வேலை இருக்கும், இல்லாவிட்டாலும் போவேன். ஈப்போ நகர வெயிலுக்கு உள்ளே குளிர்ச்சியாக இருந்தது என்பது வெளியே சொல்லும் காரணம். வாசலில் பொத்தானை அழுத்தி எண் சீட்டைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தால், சற்று நேரத்தில் ஒரு பெண் குரல் அந்த எண்ணைக் கூப்பிடும். இயந்திரத்தில் பதிந்து வைத்த குரல்தான். ஆனாலும் கூப்பிடும். மனைவி போய்ச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. என் வீட்டில் எதுவும் யாரையும் கூப்பிடுவதில்லை.

வேறு வழியில்லாமல் மளிகைக்கடைக்குப் போனேன். முட்டைத் தட்டுகளுக்கும் மீ நூடுல்ஸ் பொட்டலங்களுக்கும் நடுவில் கையடக்கமான ஓர் இயந்திரம் வைத்திருந்தார்கள். அதுதான் இப்போது வங்கி. கடையை நடத்தும் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். என் கைப்பேசியை வாங்கி, வங்கியை அதற்குள் இறக்கித் தருகிறேன் என்றாள். அது என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றது. ஒருமுறை கண் சிமிட்டச் சொன்னது. எதற்கும் இருக்கட்டும் என்று நான் மூன்று முறை சிமிட்டினேன். ஒப்புக்கொள்ளவில்லை.

“ஒரு தரம் போதும் அங்கிள். ரொம்ப சிமிட்டினா அது பயந்துரும்லா” என்றாள்.

ஒருவழியாக என் முகத்தை ஏற்றுக்கொண்டது. அடுத்துப் பெயர், முகவரி. அதற்கு அடுத்த இடத்தில் அவள் விரல் நின்றது.

“வாரிஸ் பேரு போடணும் அங்கிள்.”

“அதை விட்டுட்டு மேல போவ முடியாதா?”

“காலியா வச்சா போவாதுலா. யாரு பேராச்சும் சொல்லுங்க, போட்டுர்றேன்.”

எனக்குப் பின்னால் இரண்டு பேர் பொருளோடு நின்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். வீட்டுக்கே போயிருக்கலாம். போகாமல், இரண்டு முறை இருமினேன்.

“இருமல் இருக்கா அங்கிள்? சுடுதண்ணி தரவா?” என்று அவள் உள்ளே போனாள்.

தண்ணீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். வாரிசு யார் என்ற கேள்வி முதன்முதலில் என் காதில் விழுந்தபோது எனக்கு ஒன்பது வயது என்பது அங்கேதான் நினைவுக்கு வந்தது. அன்று கேட்டதும் ஒரு வங்கிதான். அதற்கும் கட்டடம் கிடையாது.

நாங்கள் சுங்காய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அந்தத் தோட்டத்துக்கு எல்லாமே சக்கரத்தில்தான் வரும். மீன் சைக்கிளில் வரும். மருந்து வேனில் வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படம் லாரியில் வரும். திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டுவார்கள். கடைசியாக வந்து சேர்ந்ததுதான் பேங்கு வண்டி. சம்பளத்துக்கு மறுநாள், ஆபீஸ் முன்னால் ரம்புத்தான் மரத்தடியில் வந்து நிற்கும். பக்கவாட்டுத் தகரத்தைத் தூக்கி நிறுத்தினால் அதுவே கூரையாகிவிடும். கீழே ஒரு பலகை, பலகைக்குப் பின்னால் மேசை விசிறி, விசிறிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட மலாய்க்கார அதிகாரி. அந்த விசிறியைப் பார்ப்பதற்காகவே நாங்கள் போய் நிற்போம். அது தலையைத் திருப்பித் திருப்பி எல்லோரையும் ஒருமுறை பார்க்கும்.

முதலில் யாரும் பணம் போடவில்லை. ஓடிப்போகக்கூடிய ஒரு பொருளில் கொண்டுபோய்க் காசைப் போடுவதா என்று தொழிலாளர் லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். கட்டடம் என்றால் அங்கேயே இருக்கும், கேட்கப் போகலாம். சக்கரத்தை எங்கே போய்க் கேட்பது? தோட்டத்துக் கிராணி, கணக்கெழுதும் மனிதர், வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் எடுத்துச் சொல்லி, கடைசியில் சிலர் சம்மதித்தார்கள். அவர்களில் ஒருவர் என் சித்தப்பா.

சித்தப்பா அப்பாவின் தம்பி. பால் வெட்டுபவர். லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். பாகான் செராயில் அவருக்குப் பார்த்த பெண் வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டதிலிருந்து பெண் பார்க்கும் பேச்சை எடுக்க விடவில்லை என்று அம்மா சொல்வார். இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து போகும். கொண்டுபோவது என் வேலை. தட்டை வாசற்படியில் வைத்து, “சித்தப்பா, சோறு!” என்று கத்திவிட்டு, அவர் வெளியே வருவதற்குள் திடலுக்கு ஓடிவிடுவேன். பந்து விளையாட ஆள் சேர்ந்துவிட்டால் என்னை விட்டுவிட்டுத் தொடங்கிவிடுவார்கள் என்ற கவலை எனக்கு.

கணக்குத் தொடங்கிய அன்று நானும் வரிசையில் அவர் பக்கத்தில் நின்றேன், விசிறிக்காக. அதிகாரி மலாயில் கேட்டார். சித்தப்பா மலாயிலேயே பதில் சொன்னார். அவர் மலாய் நன்றாகப் பேசுவார். பெயர், வயது, வேலை எல்லாம் டக் டக்கென்று போயிற்று. பிறகு அதிகாரி, “வாரிஸ் சியாப்பா?” என்றார்.

பள்ளியில் அப்போதுதான் மலாய் தொடங்கியிருந்தார்கள். ‘சியாப்பா’ என்றால் ‘யார்’ என்று எனக்குத் தெரியும். ‘வாரிசு’க்கு யாரிடம் போய்ப் பொருள் கேட்க வேண்டும்? அது தமிழ்தானே!

சித்தப்பா திரும்பி வரிசையைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். அதிகாரி மறுபடி கேட்டார். அப்போது சித்தப்பாவின் கை என் தலையில் வந்து உட்கார்ந்தது.

“இவன்தான்” என்றார், தமிழில். கிராணி என் பெயரைச் சொல்ல, அதிகாரி எழுதிக்கொண்டார்.

நான் அவசரமாகச் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன். காரணம் இருந்தது. அதுவரை திடலில் நான் பார்த்த படங்களில் மூன்றில் வாரிசு வருகிறது. மூன்றிலும் ஒரு பெரிய மனிதர் கட்டிலில் படுத்துக்கொண்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுவார். பிறகு ஒருவனைக் காட்டி, இவன்தான் என் வாரிசு என்பார். சொல்லி முடித்ததும் தலை சாய்ந்துவிடும். மூன்றுக்கு மூன்று. ஒருவர்கூடத் தப்பவில்லை. இப்போது சித்தப்பாவும் அதே ‘இவன்தான்’ என்ற சொல்லைச் சொல்லிவிட்டார். மீதி இருப்பது இருமல் மட்டும்தான்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா அழுவார். அன்று முதல் தட்டை வைத்துவிட்டு ஓடாமல், சித்தப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து அவரைக் கவனித்தேன். முகம் வெளுத்திருக்கிறதா, மூச்சு சரியாக வருகிறதா என்று பார்த்தேன். பள்ளி விட்டதும் அவர் பால் கொண்டுவரும் நேரத்துக்கு நிறுவை இடத்தில் போய் நின்றேன். எத்தனை முறை இருமுகிறார் என்று எண்ணினேன். முதல் மூன்று நாள்களில் இரண்டே இரண்டு. அதில் ஒன்று மிளகாய்.

“என்னடா, சித்தப்பன் சட்டைய புடிச்சிக்கிட்டே திரியிற? அவரு என்னா மிட்டாய் கடையா வச்சிருக்காரு?” என்று அம்மா கேட்டார்.

நான்காம் நாள் சித்தப்பாவே கேட்டார். “பந்து விளையாட போவலயா?”

“போவல.”

“ஏன்?”

எவ்வளவோ அடக்கியும் வந்துவிட்டது. “சித்தப்பா, வாரிசுன்னு ஒருத்தன் பேர சொல்லிட்டா, சொன்னவங்க செத்துருவாங்களா?”

அவர் கையில் இருந்த சோற்று உருண்டை அப்படியே நின்றது. சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“ஒடனேலாம் இல்லடா” என்றார். “பக்கத்துல ஆளு இருந்தா அது கொஞ்சம் தள்ளிப் போவும்.”

“எவ்வளோ தள்ளி?”

“அது நீ இருக்கிறத பொறுத்து.”

நியாயமான ஏற்பாடாக எனக்குப் பட்டது. அம்மாவிடம் சொல்லிவிட்டு என் தலையணையைத் தூக்கிக்கொண்டு கடைசி வீட்டுக்கே போய்விட்டேன்.

அந்த மாதம் நன்றாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சித்தப்பா இவ்வளவு பேசுவார் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மரத்தில் பாம்பைக் கண்டு வாளியைப் போட்டுவிட்டு ஓடிய கதையை நான்கு முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் பாம்பு ஓரடி வளர்ந்தது. அவர் வீட்டில் அதுவரை ஒரே ஒரு குவளை இருந்தது. ஒருநாள் சுங்காய் பட்டணத்துக்குப் போய் வந்தவர், நீல நிறத்தில் இன்னொன்று வாங்கி வந்தார். யாருக்கு என்று கேட்டேன். தேத்தண்ணி குடிக்க என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

இடையில், திடலில் பந்துச் சத்தம் கேட்டு நான் காதைத் திருப்பினால் போதும், சித்தப்பா இருமுவார். நெஞ்சைக்கூடப் பிடித்துக்கொள்வார். நான் உடனே உட்கார்ந்துவிடுவேன். உட்கார்ந்ததும் இருமல் நின்றுவிடும். இதிலிருந்து, நான் பக்கத்தில் இருப்பது வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

ஆனாலும் எத்தனை காலம் இப்படியே உட்கார்ந்திருப்பது? எனக்கும் ஒரு வாழ்க்கை இருந்தது. அடுத்த மாதம் பேங்கு வண்டி வந்ததும், சித்தப்பா வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே, நான் முன்னால் புகுந்து பலகையைப் பிடித்துக்கொண்டு எம்பினேன். எனக்குத் தெரிந்த மலாய் எல்லாவற்றையும் திரட்டி அதிகாரியைக் கேட்டேன்.

“துவான், சித்தப்பா பீலா மாத்தி?”

ஐயா, சித்தப்பா எப்போது சாவார் என்று அதற்குப் பொருள். விசிறி என் பக்கம் திரும்பிப் பார்த்தது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கிராணி ஓடி வந்து விசாரித்தார். நான் மூன்று படங்களையும் சொன்னேன். கிராணி அதிகாரிக்கு மலாயில் சொல்ல, அந்த மனிதர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

“டே, அது சாவுறதுக்கு கேக்குற வாரிசு இல்லடா” என்றார் கிராணி. “மலாய்ல வாரிஸ்னா சொந்தக்காரன், வேண்டப்பட்டவன். இந்த பேங்குக்கு கதவு இருக்கா, ஜன்னல் இருக்கா? மாசத்துல ஒரு தரம் வரும், போவும். ஒஞ் சித்தப்பா ஒரு மாசம் வரலன்னு வையி, எங்க போனாருன்னு யாருகிட்ட கேக்குறது? அதுக்கு ஒரு பேரு. அவ்வளோதான். அவரு அன்னிக்கே என்கிட்ட வெவரமா கேட்டுக்கிட்டாரே!”

வரிசை முழுக்கச் சிரிப்பு. “என்னாப்பா சாவப்போறவரே, கருமாதிக்கு வடை உண்டுதான?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். சித்தப்பாவும் சிரித்தார். ஆனால் தலையைக் குனிந்து சட்டைப்பையில் எதையோ தேடிக்கொண்டே சிரித்தார்.

“பொய்யி சொன்னீங்களா சித்தப்பா?” என்றேன்.

“பொய்யின்னு இல்லடா…” என்றார். அதற்குள் அவர் முறை வந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்ததா, நிம்மதி வந்ததா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. சாகமாட்டார், அது போதும். சாகவும் இல்லை. நான் வளர்ந்து, ஈப்போவில் வேலைக்குச் சேர்ந்து, தோட்டத்தை முதலாளிகள் விற்று மரங்களை வெட்டிய பிறகும் பல ஆண்டுகள் இருந்தார். அவருக்கு ஒன்று என்றால் கூப்பிட வேண்டியவன் என்று கடைசிவரை எங்கும் என் பெயரைத்தான் கொடுத்திருந்தார்.

அன்று மாலையே தலையணையை எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். வழக்கம்போலத் தட்டை வாசற்படியில் வைத்து, “சித்தப்பா, சோறு!” என்று கத்திவிட்டு ஓடினேன். திடலில் ஓர் ஆள் குறைந்திருந்தது. நல்லவேளை, இன்னும் தொடங்கவில்லை.

விளையாட்டு பாதியில் இருக்கும்போது கடைசி வீட்டுப் பக்கமிருந்து இருமல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தட்டு மடியில் இருந்தது. பக்கத்தில் இரண்டு குவளைகள்.

“டே, ஒஞ் சித்தப்பா இருமுறாருடா” என்றான் பந்து வைத்திருந்தவன்.

“சும்மா இருமுறாரு. நீ பந்த போடு” என்றேன்.

இன்னொரு முறை இருமினார். பிறகும் ஒன்று. மூன்று. அது நோயில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகும் ஏன் இருமுகிறார் என்பதுதான் அன்று எனக்கு விளங்கவில்லை.