சோதனைக் கட்டும் இறுதிக் கட்டும்

எழுபதுகளின் பிற்பகுதியில், கேரள எல்லைக்குள் இருக்கும் எருத்தேன்பதிப் பக்கத்து வாய்க்காலுக்கு முறைத் தண்ணீர்ப் பட்டியல் தயாரிப்பது என் வேலை. எந்த வயலுக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் மடை திறக்க வேண்டும் என்று கணக்கிட ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். கம்ப்யூட்டர் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் இருந்தது. சனிக்கிழமைதோறும் எங்களுக்கு நாற்பது நிமிடம் தருவார்கள்.

இது நடந்த சனிக்கிழமைக்கு அடுத்த திங்களன்று மடை திறப்பு. பட்டியல் வராவிட்டால் பழைய வழக்கம்தான்: தலைமடைக்காரர்கள் பாய்ச்சிய மிச்சம் கடைமடைக்கு. கடைமடையில் எங்கள் நிலக்கடலை பூவிட்டு நின்றது.

என் மரப்பெட்டியில் இரண்டு துளை அட்டைக் கட்டுகள் இருந்தன. அட்டைகளின் துளைகளை வரிசையாக வாசித்துத்தான் அந்தக் காலக் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். சோதனைக் கட்டு ஐந்து வயல்களை மட்டும் எடுத்து, நானே வைத்த ஒரு நீரளவைக் கொண்டு, ஒவ்வொரு படியையும் அச்சிட்டுக் காட்டும். இறுதிக் கட்டு படிகளைக் காட்டாது. முழுப் பட்டியலை மட்டும் அடிக்கும். இரண்டையும் துளையிட்டது கல்லூரி டிஸ்கில் நான் வைத்திருந்த இன்னொரு சிறு புரோகிராம். 'சோதனை' அல்லது 'இறுதி' என்று ஓர் அட்டை கொடுத்தால் அதற்குரிய கட்டு வெளியே வரும். அதில் ஒரு பிசகு செய்திருந்தேன். இரண்டு கட்டுக்கும் வரிசை எண் ஒன்றிலிருந்தே தொடங்கியது. எது எதுவென்று காட்டியவை சிவப்பு, பச்சை ரப்பர் பட்டைகள் மட்டுமே.

அன்று கோயமுத்தூர் போகும் வழியில், எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. ஒரு போலீஸ்காரர் பெட்டியைத் தட்டினார்.

"உள்ள என்னங்க, புட்டியா?"

"கம்ப்யூட்டர் அட்டைங்க."

"இத்தனை அட்டையா? ஊரே உக்காந்து சீட்டாடலாமாட்ட இருக்குது."

பட்டைகளைக் கழற்றி, அடிப்பலகை தெரியும்வரை கை கையாக அள்ளி வெளியே வைத்தார். பிறகு அப்படியே திணித்தார். "போலாமுங்க," என்றார்.

பொள்ளாச்சி தாண்டும்வரை அட்டைகளை மடியில் வைத்து எண் பார்த்துப் பிரித்தேன். ஒவ்வோர் எண்ணிலும் இரண்டு அட்டைகள். சோதனையின் நீரளவு அட்டை இறுதிக் கட்டுக்குள் போனால் இயந்திரம் முரண்டு பிடிக்காது. பட்டியல் அழகாக வரும். தண்ணீர் மட்டும் தப்பாக இருக்கும். நிறுத்திவிட்டேன்.

கல்லூரியில் ஆபரேட்டர் அக்காவிடம் சொன்னேன். இரண்டையும் புதிதாகத் துளையிடப் பத்து நிமிடம், சோதனைக்கு ஐந்து, இறுதிக்கு இருபத்தைந்து. நாற்பதும் சரியாகப் போய்விடும்.

"சோதனைய உட்டுப்போடுங்க தம்பி. நேரா கடைசிக் கட்ட ஓட்டுங்க," என்றார் அக்கா.

முந்தின வாரம் ஒரு கணக்கை மாற்றியிருந்தேன். சரிபார்க்காமல் விட மனம் வரவில்லை. பெட்டியில் இருந்த அட்டைகள் அத்தனையையும் குப்பைக்கூடையில் கொட்டினேன். புதுச் சோதனைக் கட்டு ஓடியது. ஐந்து வயல்களும் என் கைக்கணக்கோடு ஒத்துப்போயின. இறுதிக் கட்டை வாசிக்கும்போது ஓர் அட்டை சிக்கிக்கொண்டது. அதை எடுக்க மூன்று நிமிடம் போயிற்று.

பட்டியல் தலைமடையிலிருந்து அச்சாகும். எங்கள் நேரம் முடிந்தபோது கடைசித் தாள் பாக்கி. அடுத்த முறைக்காரரான பேராசிரியர் தன் கட்டுடன் வாசலில் நின்றார்.

"சார், கடைமடை மட்டும் பாக்கிங்க," என்றேன்.

"கம்ப்யூட்டர்லயும் கடைமடையா?" கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு நிமிசம். நாலாவது நிமிசம் நானே நிறுத்திப்போடுவேன்."

வரி வரியாக வந்தது. கடைசிக்கு முந்தின வரி எங்களுடையது. தாளைக் கிழித்து அக்கா என்னிடம் தரும்போது பேராசிரியர் தன் முதல் அட்டையை ஏற்கெனவே கையில் பிடித்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை முதல் வேலையாக, இறுதிக் கட்டின் எண்கள் ஐயாயிரத்தில் தொடங்கும்படி அந்தச் சிறு புரோகிராமை மாற்றினேன். அதற்கு முன்பே, வியாழக்கிழமை காலை எட்டிலிருந்து பத்துவரை, எங்கள் கடலைக்குத் தண்ணீர் வந்திருந்தது.