கிருமியைக் கொதிக்க வச்சவ

எங்க நாத்தனாருக்கு நான் வச்ச பேரு மோப்பம். பால் பாக்கெட்டை வெட்டினா முதல்ல மூக்குதான் போகும். புருஷன் சட்டையை ரெண்டு தடவை மோந்து பாப்பா. அவ வீட்டுக்குக் கொசு வந்தாகூட பினாயில்ல கால் கழுவிட்டுத்தான் வரணும்.

அவ மாடியில தொட்டி வச்சு பீன்ஸ் போட்டா. சோகை பிடிச்ச மாதிரி மஞ்சளா நின்னுச்சு. அவ வீட்டுக்காரர் மிக்சி ரிப்பேர் பண்றவர், கூடம் பூரா மோட்டாரும் ஜாரும்தான். "இந்தத் தடவையும் காய்க்கலன்னா தொட்டியைத் தூக்கிடு, மாடியில ஷெட் போடறேன்"னுட்டார். அவ நிம்மதியா உக்கார இருந்தது அந்த ஒரு இடம்தான்.

பாவமேன்னு விதைக்கடைக்காரம்மாகிட்ட கேட்டு ஒரு கறுப்புப் பொடி வாங்கிட்டு வந்தேன்.

"இதுல என்ன அண்ணி இருக்கு?"

"பாக்டீரியா. பீன்ஸ் வேர்ல குடியிருந்து, காத்துல இருக்கற சத்தைப் பிடிச்சு செடிக்குக் குடுக்குமாம். செடி பதிலுக்கு அதுக்குச் சக்கரை குடுக்குமாம்."

"கிருமியவா வாங்கிட்டு வந்தீங்க? அவர் சொல்லி அனுப்பினாரா?"

"ஆமா, உன் புருஷனுக்கு உளவு பாக்கறதுதான் என் பொழப்பு! தண்ணியில கரைச்சு ஊத்துடி."

ஊத்தினா. செடி அசையல. சந்தேகம் வந்து கேட்டேன், எப்படிக் கரைச்சேன்னு.

"தளதளன்னு கொதிக்க வச்சு ஆறவச்சுத்தான். கிருமியை அப்படியே ஊத்த நான் என்ன பைத்தியமா?"

"அடிப்பாவி, அதுங்க உசுரோட இருந்தாதானேடி வேலை செய்யும்!"

மிச்சப் பொடியை நானே பச்சைத்தண்ணியில கரைச்சு ஊத்தினேன். அவ மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னா. கொஞ்ச நாள் கழிச்சு, என்னை நம்பாம ஒரு செடியைப் பிடுங்கிப் பாத்திருக்கா. ஒரே கத்தல். "அண்ணி! வேர் பூரா கொப்புளம்! நோயைக் கொண்டாந்து விட்டுட்டீங்களே!"

செடியோட கடைக்கு ஓடினோம். கடைக்காரம்மா ஒரு கொப்புளத்தை விரலால தேச்சா, பொட்டுனு உதிர்ந்துச்சு. நகத்தால கீறினா உள்ள இளஞ்சிவப்பு.

"இதுதான் அதுங்க வீடு. சிவப்பா இருந்தா உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம். நோய்னா வேரே வீங்கும், இப்படி உதிராது."

மோப்பம் அதையும் மோந்து பாத்தா. "மண்ணு வாசனைதான் வருது"ன்னா, ஏமாந்தவ மாதிரி.

மஞ்சள் போய் செடி பச்சை கட்டுச்சு. காய் தொங்க ஆரம்பிச்சதும் வீட்டுக்காரர் மாடிக்கு வந்து பாத்துட்டு, ஷெட் பேச்சை விட்டுட்டு மோட்டாரைக் கட்டிலுக்கு அடியில தள்ளிக்கிட்டார்.

சந்தேகம் போச்சான்னா, அதெப்படிப் போகும்? இடம்தான் மாறிடுச்சு. நேத்து காய் பறிக்கலாம்னு மாடி ஏறினேன். வாசல்லயே மறிச்சா.

"கையைக் காட்டுங்க அண்ணி." மோந்து பாத்தா. "பினாயில்! போய் நல்லா அலம்பிட்டு வாங்க. தொட்டிக்குள்ள எங்க ஆளுங்க இருக்காங்க."