கட்டை போடுகிறவர்கள்

பால்கடைக்காரர் இன்று காலை என்னைக் கேட்காமலே இரண்டு நீலப் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். ஓர் ஊரில் வசமாகச் சிக்கிக்கொண்டோம் என்பதற்கு இதைவிடத் திட்டவட்டமான சான்று வேண்டியதில்லை. வான்கூவரில் என் அலுவலகத்துக்குக் கீழே ஒரு காப்பிக் கடை இருக்கிறது. வருடக்கணக்காகக் காலைக் காப்பி அங்கேதான். இன்றைக்குப் போனாலும் அந்தப் பெண் சிரித்த முகத்தோடு என் பெயரைக் கேட்பாள். கேட்டு, கோப்பையில் அதைப் புதுவிதமாகக் கொலைசெய்து எழுதித் தருவாள். ராஜபாளையத்தில் எனக்குப் பெயரே அவசியமில்லை. நான் ‘சாந்தி வீட்டுக்காரர்’. சாந்தி வான்கூவரில் இருக்கிறாள், அவள் வீட்டுக்காரர் மட்டும் அவள் பிறந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்பது தெருவில் யார் கண்ணுக்கும் தப்பவில்லை. “விசேஷம் முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு, புருஷன் பொஞ்சாதிக்குள்ள எதும் மனத்தாங்கலா?” என்று எதிர்வீட்டு அம்மாள் என் மாமியாரிடம் ரகசியமாகக் கேட்டார். எங்கள் பக்கத்து ரகசியம் மூன்று வீடு தாண்டிக் கேட்கும்.

மனத்தாங்கல் ஒன்றுமில்லை. என் மச்சினன் கண்ணன் புதுவீடு கட்டிப் பால்காய்ச்சினான். மகளுக்குப் பள்ளிக்கூடம் என்பதால் நான் மட்டும் இரண்டு வார லீவில் வந்தேன். வந்த இடத்தில், விசாவைப் புதுப்பித்துக்கொண்டு போய்விடலாம் என்று பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். அது உள்ளே போனது, திரும்பவில்லை. கம்ப்யூட்டரில் எந்த நேரம் பார்த்தாலும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்கிறது. என்னை இவ்வளவு நாள் பரிசீலிக்க என்ன இருக்கிறது என்று எனக்கே ஆர்வமாகிவிட்டது. வந்த புதிதில் ஊரார் “எப்ப வந்தீக?” என்றார்கள். பிறகு “எப்பப் போறீக?” என்றார்கள். இப்போது “இன்னைக்கு சிலிண்டர் வருதாம், செத்த வாசல்லயே இருங்க” என்கிறார்கள்.

எனக்கு ஒரே ஒரு அவசரம் இருந்தது. நான் வேலை செய்த படம் வெளியாகும் நாளில், முதல் காட்சிக்கு என் மகள் கோதையோடு போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை எந்தத் தூதரகமும் அறியாது. “நீ வர்ற சீன்ல நான் எந்திரிச்சு ‘அது எங்க அப்பா’ன்னு கத்துவேன்” என்று அவள் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள்.

நான் நடிகன் அல்ல. அனிமேஷன் படங்களில் உருவங்களை அசைப்பவன். ஒருவர் படம் வரைவார், ஒருவர் தோல் போர்த்துவார், ஒருவர் முடி நடுவார். நான் நடக்க வைப்பேன். படத்தின் பெயரை எங்கும் சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படம் வந்து போஸ்டரை ஆடு தின்ற பிறகும் சொல்லப் பயமாகவே இருக்கிறது. கதை இவ்வளவுதான்: ஒரு சிறுமி, சிறகு முளைத்த ஒரு சிங்கம், மலை விழுங்கிவிட்ட ஒரு நகரம். நகரத்தை மீட்க அந்தச் சிறுமி ஒரு கோபுரத்தைச் சக்கரம் வைத்து மலைவரை இழுத்துப் போக வேண்டும். கோபுரத்தை நகர்த்தும் வேலை என்னிடம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனிடம் போய்ச் சக்கரம் வைத்த கோபுரத்தைக் கொடுத்தால் என்ன செய்வான்?

எங்கள் ஊரில் தேர் எடுத்த எடுப்பில் ஓடுவதில்லை. முதலில் அது மறுக்கும். வடம் விறைத்து, ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்து, பின்னால் இயந்திரம் நெம்பி, ஒன்றும் நடக்காது. பிறகு யாரும் எதிர்பாராத ஒரு கணத்தில் அசைந்து, உச்சிக் கலசம் ஒரு பக்கம் போய், அடிச்சக்கரம் பின்னாலேயே வரும். அந்த வேகத்தில் விட்டால் ரத வீதித் திருப்பத்தில் நேராக யார் வீட்டுக்குள்ளாவது போய் நிற்கும். அதற்குத்தான் கட்டை போடுகிறவர்கள். சக்கரத்துக்கு முன்னால், தேரைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே நடப்பார்கள். கையில் ஆப்பு மாதிரி செதுக்கிய கனத்த மரக்கட்டை. சரியான இமைப்பில் அதைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தால் ஒரு பக்கம் தடங்கி மறுபக்கம் போகும்; தேர் திரும்பும். இப்போது இரும்பு அச்சு வந்துவிட்டது, பிரேக் வந்துவிட்டது. திருப்பத்தில் இன்னும் கட்டைதான். சிறுவயதில் ஆடிப்பூரத்தன்று எல்லாரும் தேரில் ஆண்டாளைப் பார்ப்பார்கள். நான் இவர்களுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எப்போது நசுங்கும் என்று பார்த்தேன் என்பதே உண்மை. பக்தி எனக்கு அப்போதே குறைவு.

அனிமேஷனில் ஒரு பழக்கம் உண்டு. எந்த அசைவையும் முதலில் நாமே செய்து படம் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் சாந்தி என் காரை மெதுவாக உருட்ட, நான் அடுப்புக்கட்டை ஒன்றை ஏந்திப் பின்பக்கமாக நடந்து சக்கரத்தடியில் கொடுக்க, கோதை போனில் படம் எடுத்தாள். என் தொப்பை குனிவதற்கு ஒத்துழைக்கவில்லை. மேல்மாடிக் கிழவி ஒருத்தி கவலையோடு இறங்கி வந்தாள்.

“பிரேக் பிடிக்கவில்லையா? இழுவை வண்டிக்குச் சொல்லட்டுமா?”

“இல்லை, திருப்பிப் பார்க்கிறோம்.”

“திருப்புவதற்கு உள்ளே ஒரு வளையம் இருக்குமே” என்றாள், மிகுந்த கருணையுடன்.

அந்தக் காட்சியின் முதல் வடிவத்தைச் செய்ய ஒரு குளிர்காலம் ஆனது. கோபுரத்தின் காலடியில் பத்துப் பன்னிரண்டு குட்டை மனிதர்கள், எல்லாருக்கும் என் நடை, என் தொப்பை. இயக்குநர் டெரெக் நல்ல மனிதர். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, “அருமை. கனம் தெரிகிறது. ஆனால் இவர்கள் ஏன் அந்தச் சிறுமிக்கு எதிராக இருக்கிறார்கள்?” என்றார்.

“எதிராக இல்லை. அவர்கள்தான் ஓட்டுகிறார்கள்.”

“தடுக்கிறார்களே.”

“தடுத்தால்தான் திரும்பும்.”

அவர் நெடுநேரம் யோசித்தார். அந்த நாட்டில் யோசிப்பது மறுப்பதன் மரியாதையான வடிவம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் ஊருக்குக் கிளம்பிய அன்று தோளில் தட்டி, “உன் ஆட்கள் படத்தில் இருப்பார்கள், கவலைப்படாதே” என்றார். பிறகு நான் இங்கே மாட்டிக்கொண்டேன். கோப்புகள் ஸ்டூடியோச் சுவரைத் தாண்டக் கூடாது என்பது விதி. என் காட்சியை வேறு யாரோ முடித்தார்கள். நான் சிலிண்டருக்குக் காத்திருந்தேன்.

படம் வந்தது, பாஸ்போர்ட் வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ராஜபாளையத்திலும் தமிழ் பேசி வெளியானது. சிங்கம் மதுரைத் தமிழ் பேசியது. பகல் காட்சிக்குக் கண்ணனும் மாமியாரும் நானும் போனோம். கோதை பார்க்க இன்னும் அரை நாளுக்கு மேல் இருந்தது.

“அத்தான், ஒங்க பேரு எப்ப வரும்?”

“கடைசியில. லைட்டப் போட்டு எல்லாரும் போன பொறவு.”

கோபுரம் வந்தது. மறுத்தது, அசைந்தது, கலசம் சாய்ந்தது. என் ஆட்கள் பின்பக்கமாக நடந்து வந்தார்கள். அவர்களுக்குக் கண்ணில் சிவப்பு விளக்குப் போட்டிருந்தார்கள். இசை இருண்டது. “மலையரசனின் அடிமைகள் நம்மைத் தடுக்கிறார்கள்!” என்றாள் சிறுமி. சிங்கம் பாய்ந்து இறங்கி ஒவ்வொருவனாக உதைத்துத் தள்ளியது. கடைசி ஆள் உருண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்தான், என் தொப்பையோடு. கட்டைகள் சிதறின. கோபுரம் வெண்ணெயில் போகிற கத்தி மாதிரி தானே வளைந்து திரும்பியது.

டெரெக் பொய் சொல்லவில்லை. படத்தில் இருந்தார்கள்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “ஏலே, கட்டைய உதைக்காதல. தேரு வீட்டுக்குள்ள போயிரும்.”

“அதானே, கட்டையில்லாம எங்கிட்டுத் திரும்பும்?” என்றது இன்னொரு குரல். “படம் எடுத்தவன் தேரையே பாத்ததில்ல போல.”

“வேலை செய்யுற ஆளுகளப் போட்டு இந்தச் சிங்கம் ஏன் மாப்ள உதைக்கி?” என்று மாமியார் என்னிடமே கேட்டார். அரங்கில் பரவலாக அதிருப்தி. சிங்கம் பேசியதை ஒப்புக்கொண்டார்கள். மலை நகரத்தை விழுங்கியதை ஒப்புக்கொண்டார்கள். கட்டையில்லாமல் தேர் திரும்பியதை மட்டும் ராஜபாளையம் ஒப்புக்கொள்ளவில்லை. படம் முடியும்வரை பின்வரிசைக்காரர் சிங்கத்தை மன்னிக்கவே இல்லை.

கண்ணன் என் காதருகே குனிந்தான். “அத்தான், அந்தா பள்ளத்துல விழுந்தது நீங்கதான? நடை அப்படியே இருக்கு.”

இருட்டிய பிறகு கோதை பள்ளிக்கூடம் கிளம்பும் முன் கூப்பிட்டாள். அவளுக்கு அன்று காலைதான் விடிந்திருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

“கதை சொல்லிடாதப்பா. நீ இருக்கியா, அதை மட்டும் சொல்லு.”

“இருக்கேன்” என்றேன்.

“பெரிசா?”

“கடைசிவரைக்கும் இருக்கேன்.” பள்ளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எட்டாயிரம் மைல் தள்ளி ஒரு பிள்ளை தன் அப்பாவுக்காகக் கைதட்டத் தயாராகிக்கொண்டிருக்க, நான் இங்கே பால் பாக்கெட்டைக் கத்தரித்துக்கொண்டு, ஒன்றையும் தடுக்க முடியாமல் நின்றேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை மாமியார் வீட்டில் இருக்க முடியாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். எங்கள் பழைய வீட்டை விற்றாயிற்று. போக இடமென்று இருப்பது தேரடிதான். தேர் மூடிப் போர்த்தி நிலையில் நின்றது. சக்கரங்கள் மட்டும் ஆள் உயரத்துக்கு வெளியே தெரிந்தன. ஒரு சக்கரத்தின் நிழலில் ஒருவர் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

“அப்பா.” பின்னால் தியேட்டர் கூட்டத்தின் இரைச்சல். “உன்னை வில்லன் ஆக்கிட்டாங்க.”

“ஆமா.”

“உனக்கு நேத்தே தெரியுமா? ஏன் சொல்லல?”

“நீதான கதை சொல்லாதன்ன.”

“நான் கத்திட்டேன்பா. ‘கட்டையை உதைக்காத’ன்னு. தமிழ்ல. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. பக்கத்து சீட் தாத்தா, பிள்ளைக்குப் பயமா இருந்தா வெளிய கூட்டிட்டுப் போங்கன்னு அம்மாகிட்ட சொன்னார்.”

“அம்மா என்ன சொன்னா?”

“பயமில்ல, அவங்க அப்பாவுக்கு அடிபட்டிருச்சுன்னாங்க. அவர் ரொம்ப ஸாரி சொன்னார்.”

முந்தின நாள் ராஜபாளையத்துப் பின்வரிசைக்காரர் ஒருவர் அதையேதான் கத்தினார் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அவர் யார் என்றாள். தெரியாது என்றேன். அவருக்குத் தாங்க்ஸ் சொன்னாயா என்றாள். அது எனக்குத் தோன்றவில்லை.

“நீ எப்ப வருவ?”

“பரிசீலனையில இருக்கு.”

“நிஜத் தேரைக் காட்டு” என்றாள். போனைத் திருப்பினேன். சக்கரம் தெரிந்தது, வெள்ளரிக்காய் தெரிந்தது.

“முழுசாத் தெரியல. பின்னால போப்பா.”

தேரைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்தேன். இரண்டு கையிலும் போனை ஏந்தி, குனிந்து, தொப்பையை அடக்கி.

“அய்யோ, அதே நடை” என்று அவள் சிரித்தாள். “இன்னும் பின்னால.”

முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்தது. “அண்ணாச்சி, எங்க பின்னாலேயே வாரீக? முன்னால போங்க” என்றார் ஆட்டோக்காரர்.

“பின்னாலப்பா, உச்சி தெரியல” என்றாள் கோதை.

நான் நடுவீதியில் நின்றேன். தேர் நகரவில்லை.