மதகடியில் இறங்காதவர்கள்

எங்கள் ஊரிலிருந்து பெரிய வீதிக்குப் போகும் கிறவல் பாதையில், வாவிக்கரை மதகைத் தாண்டியதும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒவ்வொரு மாரியிலும் அது ஆழமாகும். கிறவல் கொட்டி நிரப்புவார்கள். அடுத்த மழை அதை வாவிக்குள் கொண்டுபோய்விடும்.

என்னுடையது தாழ்வான பழைய கார். வாடகைக்கு ஓடுகிறேன், அதை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. உள்ளே ஆட்கள் இருந்தால் அடிப்பாகம் கல்லில் உரசும். அதனால் மதகடியில் எல்லோரும் இறங்கி, பள்ளத்தைக் கடந்தபின் ஏறிக்கொள்வது வழக்கம். ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. வேகத்தைக் குறைக்கும்போதே கதவைத் திறப்பார்கள். அது எனக்குப் பெரிய நிம்மதி. யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவன் நான்.

போன மாரியில், ஊருக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பத்தார் களுவாஞ்சிக்குடிக்குப் பெண் கேட்டுப் போக ஏறினார்கள். மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும், தாயின் தம்பியும் அவர் மனைவியும். மடிகளில் பலகாரத் தட்டங்கள்.

"மனே, நல்ல காரியத்துக்குப் போறம். இடையில எங்கயும் நிப்பாட்டாதங்க. இறங்கி ஏறினாத் தடங்கலாப் போயிரும்" என்றார் தாய்.

"ஓம்" என்றேன்.

மதகு வரைக்கும் 'கொஞ்சம் இறங்குங்க' என்ற இரண்டு சொல் வாய்க்குள்ளேயே கிடந்தது. வெளியே வரவில்லை. ஒரு பக்கச் சில்லைப் பாதையோரத்தில் ஏற்றி, முதல் கியரில் ஊர்ந்தேன். தண்ணீர் கல்லை மறைத்திருந்தது. என் பாதங்களுக்குக் கீழே கல் அடிப்பாகத்தைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. பள்ளத்தைக் கடந்து சற்றுத் தூரம் போனதும், ஸ்டியரிங்குக்கு முன்னால் எண்ணெய்க்கான சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். எஞ்சின் எண்ணெய் முழுவதும் பாதையில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"நிப்பாட்ட வேணாமெண்டுதானே சொன்னனான்?"

"அவர் நிப்பாட்டல அக்கா. கார்தான் நிண்டுட்டு" என்றார் தம்பி. ஒருவரும் சிரிக்கவில்லை.

அவர் மனைவி என்னைப் பார்த்தார். "பள்ளம் கிடக்கு, இறங்குங்க எண்டு சொல்லியிருந்தா இறங்கியிருப்பமே. வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையா?"

பெரிய வீதிவரை சேற்றில் நடந்தார்கள். ஒரு தட்டத்தை நான் சுமந்தேன். கார் இரண்டு கிழமை கராஜில் கிடந்தது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொருமுறை இப்படி அடிபட்டால் தாங்காது என்றார் திருத்தியவர்.

இப்போது மதகடி வந்ததும் காரை நிறுத்தி, முதலில் நானே இறங்கிவிடுகிறேன். வாய் திறந்து கேட்பதைவிட அது சுலபம். சிலர் இறங்காமல் உள்ளிருந்தபடி என்னைப் பார்ப்பார்கள். நான் வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எவ்வளவு நேரமானாலும், அவர்கள் இறங்கும்வரை நான் ஏறுவதில்லை.