மூலை நட்சத்திரம்

பிள்ளை பிறந்து மறுநாளே போய்விட்டது. பெயர் வைக்கும் நாள்வரை தங்காத பிள்ளைக்கு எங்கள் வீட்டில் காரியம் எதுவும் செய்வதில்லை. முக்கூடலில் என் கணவர் குடும்பத்துக்கு ஆற்றங்கரையில் கொஞ்சம் வயல் இருந்தது. அவரும் மாமாவும் கொண்டுபோய் அங்கே புதைத்துவிட்டு வந்தார்கள். எந்த இடம் என்று எனக்குச் சொல்லவில்லை, கேட்கவும் விடவில்லை. மாமியார் என் அப்பாவின் கூடப்பிறந்தவள், எனக்கு அத்தைதான், நல்லவள்தான். ஆனாலும் நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டால், "ஏளா, பேரு வைக்காத பிள்ளைய நெனச்சு அழப்பிடாது. அடுத்தது தங்காது" என்பாள்.

அழாதே என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத ஆள் ஒருவர் வீட்டில் இருந்தார். என் அத்தான், அதாவது என் கணவர். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடங்களுக்குக் கேள்வித்தாள் அடித்துக் கொடுத்துவந்தார். பிள்ளையைப் புதைத்த வாரமே வேலைக்கு உட்கார்ந்துவிட்டார். வேலை முடிந்தால் விளையாட்டு. கல்நெஞ்சு என்று மனதுக்குள் கரித்துக்கொட்டினேன்.

அந்த விளையாட்டு யாரோ ஒரு சிநேகிதர் ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தது. படம் கிடையாது, சத்தம் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சைப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திரம். எதிராளியின் நட்சத்திரத்தைப் பிடிக்க, எங்கிருந்து எங்கே எத்தனை கப்பல் என்று தட்டிவிட வேண்டும். போய்ச் சேர வருஷக்கணக்காகும், எல்லாம் விளையாட்டு வருஷம்தான், ஒரு சுற்று ஆடினால் ஒரு வருஷம். அனுப்பியதைத் திரும்பக் கூப்பிட முடியாது.

ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு ஒருநாள் "நீயும் வாயேன்" என்றார். பேச வேண்டியதைப் பேச முடியாத வீட்டில் சண்டை போடவாவது ஒரு வழி கிடைத்ததே என்று உட்கார்ந்தேன். இருப்பது ஒரே கம்ப்யூட்டர், அதனால் ஒருவர் ஆடும்போது மற்றவர் பார்க்கக் கூடாது. என் முறை வந்தால் அவர் வாசலுக்குப் போவார். அவர் முறை வந்தால் நான் அடுப்படிக்குப் போய்க் குழம்பைக் கிண்டுவேன்.

அவரவர் நட்சத்திரத்துக்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம். எதிராளிக்கு அது தெரியாது, பிடித்த பிறகுதான் தெரியும். அவர் நம் ஊர்ப் பெயர்களாக வைத்திருந்தார். ஏரலைப் பிடித்தேன். சாத்தான்குளத்தைப் பிடித்தபோது, "தண்ணி இல்லாத ஊருதான, நீயே வச்சுக்கோ" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்துவிட்டோமே என்று அன்றைக்கு முழுக்க என்மீதே எரிச்சலாக இருந்தது.

மேல் மூலையில் அவருடைய நட்சத்திரம் ஒன்று இருந்தது. ஒன்றுக்கும் உதவாதது, உருப்படியாகக் கப்பல்கூடக் கட்டாது. அதை மட்டும் விடமாட்டேன் என்றார். நல்ல நட்சத்திரங்களை எல்லாம் என்னிடம் பறிகொடுத்துவிட்டு, இருந்த கப்பலையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் குவித்தார். நான் அனுப்பியதெல்லாம் அங்கே போய் அழிந்தது.

"வெளையாடவே தெரியல அத்தான் ஒங்களுக்கு."

"அது கெடக்கட்டும்" என்றார்.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. மார்கழியில் ஒரு சாயங்காலம் பெரிய படையாகத் திரட்டி அதன்மேல் ஏவினேன். இரண்டு மூன்று நாள் கழித்து, அவர் வாசலில் நின்றிருந்த நேரத்தில், கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. பிடித்துவிட்டேன். திரையில் பெயர் வந்தது.

பிள்ளை ஏழு மாதமாக வயிற்றில் இருந்தபோது, குறுக்குத்துறை ஆற்றுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது, பெண்ணாக இருந்தால் வைக்கலாம் என்று அவர் ஒரு பெயர் சொன்னார். "கெழவி பேரு மாதிரி இருக்கு" என்று கேலி பண்ணினேன். அதோடு விட்டுவிட்டார். பிறந்ததும் பெண்தான். அந்தப் பெயர் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதுதான் இப்போது பச்சை இங்கிலீஷ் எழுத்தில் நின்றது. பெயரை மாற்றவா என்று கீழே கேட்டிருந்தது.

வாசலிலிருந்து வந்தவர் திரையைப் பார்த்தார். பைய உட்கார்ந்தார்.

"எந்த எடம் அத்தான்?" என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது.

"மருதமரத்துக்குக் கீழ வச்சோம். ஐப்பசி வெள்ளத்துல கர இடிஞ்சுபோச்சு. தண்ணி வடிஞ்ச பெறவு போய்ப் பாத்தேன், மரமே இல்ல." திரையில் அந்தப் பெயரை விரலால் தொட்டார். "ஒங்கிட்ட எப்பிடிச் சொல்ல. அதான் இங்கன எழுதி வச்சேன்."

கல்நெஞ்சு என்று நினைத்த என் நெஞ்சை என்ன செய்வது. நான் அழுதேன். அவரும் அழுதார், அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அத்தை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டாள்.

பெயரை மாற்ற வேண்டாம் என்று தட்டினேன். பிறகு ஏரல், சாத்தான்குளம் என்று எங்கெல்லாம் கப்பல் மிச்சமிருந்ததோ, எல்லாவற்றையும் அந்த மூலைக்குக் காவலுக்கு அனுப்பினேன். அடுத்து அவர் முறை. நான் அடுப்படிக்கு எழுந்து போகவில்லை. அவர் ஒரு கப்பலையும் அசைக்காமல் வருஷத்தைத் தள்ளினார்.