இடர் அறிக்கையும் ஒரு வட்டுக்கோட்டைக் கிணறும்

அந்த யோசனை எனக்கு வந்தது மண்ணெண்ணெய் வரிசையில். நாட்டில் எரிபொருள் இல்லாமற் போன வருடம் அது. எங்கள் கம்பனிக்கு மிளகாய் தருகிற வட்டுக்கோட்டை அக்கா ஒருத்தியோடு நானும் கானைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவளுடைய தோட்டக் கிணறு நிறையத் தண்ணீர். இறைக்கிற மிசினுக்குத்தான் எண்ணெய் இல்லை. கொழும்பில் யாரோ எடுத்த முடிவுக்கு இங்கே மிளகாய்க் கன்று வாடுகிறது. வெயிலில் ஓடுகிற சோலர் பம்பைப் பொருத்திப் பூட்டிவிட்டால் எந்த அரசாங்கம் விழுந்தால் எங்களுக்கென்ன? வரிசையில் நின்றபடியே கொடிகாமத்தில் இருந்த முதலாளிக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, முதல் எண்ணெய் கிடைக்குதோ எண்டு பார்," என்றார்.

ஆனாலும் நான் சொன்னதைக் கேட்டு, தோட்டக்காரருக்குச் சோலர் பம்புகள் வாங்கிக் கொடுத்தார். மிளகாய்த்தூள் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பனிக்கு வருடாவருடம் அறிக்கை எழுதுவது என் வேலை. அரசியல் இடர் ஒரு பகுதி, சுற்றுச்சூழல் இன்னொரு பகுதி. சோலர் பம்ப் வந்த பிறகு முதலாவதில் 'குறைவு' என்றும் இரண்டாவதில் 'நன்று' என்றும் எழுதினேன். படித்த படிப்புக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

போன கிழமை அக்கா வரச்சொன்னாள். மிளகாய் இலைகளின் ஓரம் கருகியிருந்தது. தேத்தண்ணி தந்தாள். ஒரு மிடறு குடித்துவிட்டு வைத்தேன்.

"ஏன், சீனி காணாதோ?"

"சீனி காணும் அக்கா. தண்ணிதான் கரிக்குது..."

"ஓம். உது உம்மடை சோலர் தேத்தண்ணி."

எண்ணெய் மிசின் இருந்த காலத்தில் எண்ணெய்ச் செலவை நினைத்தே நேரத்துக்கு நிறுத்துவாளாம். இப்போது காலையில் ஓடத் தொடங்கினால் பின்னேரம் வரை ஓட்டம்.

"வெயில் சும்மாதானே போகுது எண்டு விட்டிட்டன்," என்றாள்.

எங்கள் ஊர்களில் நல்ல தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே வரும். பள்ளிக்கூடத்தில் சோதனைக்கு எழுதிப் புள்ளி வாங்கின விஷயம். பம்ப் பூட்டின அன்று எனக்கும் அவளுக்கும் எண்ணெய் வரிசைதான் நினைவில் நின்றது.

"காலமை கொஞ்ச நேரம் மட்டும் இறைச்சுப் பாருங்கோ அக்கா. மாரி மழை வந்தால் நல்ல தண்ணி திரும்பும்."

"நான் நிப்பாட்டுறன். அங்காலை நிக்கிறது நிப்பாட்டுமோ?"

நாடியை நிமிர்த்தி வேலிக்கு அப்பால் காட்டினாள். பக்கத்துத் தோட்டக்காரரின் சோலர் தகடுகள் மினுங்கின. அவருக்கும் நாங்கள்தான் பூட்டினோம். கிணறு இரண்டு, நிலத்துக்குக் கீழே தண்ணீர் ஒன்று.

"ஒருக்கா கதைச்சுப் பாருங்கோவன்."

"அந்தாளோடையோ? வேலி அடைக்கேக்கை ஒரு முழம் எங்கடை பக்கம் வந்த மனிசன். அதுக்குப் பிறகு கதையில்லை. நான் உப்புத் தேத்தண்ணியே குடிக்கிறன்."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கிணறு போனால் அவளுக்கு வேறு தோட்டமும் இல்லை, வேறு தொழிலும் இல்லை.

கொடிகாமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முதலாளி அடுத்த பம்புகளை இணுவிலுக்கு ஏற்ற ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"றிப்போட்டிலை என்ன எழுதப்போறாய்?"

"உள்ளதை, அண்ணை."

"உள்ளதை எழுதினா அவங்கள் வேறை நாட்டிலை வாங்குவாங்கள். பிறகு அந்த வட்டுக்கோட்டைப் பிள்ளையின்ரை மிளகாயை ஆர் வாங்கிறது? நீயோ?"

அவர் சொன்னதும் பொய்யில்லை. பிறகு அவரே, "மாச முடிவு வரைக்கும் இணுவில் வேலையை நிப்பாட்டி வைக்கிறன். அதுக்குள்ளை அந்தக் கிணத்துக்கு ஒரு வழியைப் பார்," என்றார்.

வீட்டில் பழைய அறிக்கைகளை எடுத்து வாசித்தேன். தேர்தல், வரி, இறக்குமதித் தடை, நாணய மதிப்பு, மந்திரிமார் மாறுவது, எல்லாம் இருந்தது. ஒரு முழ வேலியால் கதையில்லாமற் போன இரண்டு தோட்டக்காரர் பற்றி ஒரு வரி இல்லை. இனி அதையும் எழுதத்தான் வேண்டும். வெளிநாட்டுக்காரனுக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நாளைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் போகிறேன். அக்காவின் தோட்டம் வழியே போனால் அவள் அனுப்பின ஆள் என்று நினைப்பார். சுற்றி றோட்டால் போக வேண்டும். வேலியைப் பற்றி வாயே திறப்பதில்லை. அவருடைய கிணற்றுத் தண்ணீரையும் வாயில் விட்டுப் பார்க்கச் சொல்லி, ஒரு நாள் அவர், மறுநாள் அவள் என்று மாறி மாறி இறைக்கச் சம்மதமா என்று கேட்பேன். மாட்டேன் என்றால், மாசம் முடிய முன் இன்னொரு தரம் போவேன்.